கடற்கரையைச் சுத்தம் செய்யக் கிளம்பும் முன்: முதல் தடவை ஏற்பாடு செய்பவர்களுக்கு

முதல் முறை நான் ஏற்பாடு செய்த கடற்கரைத் தூய்மைப் பணிக்கு அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் எண்பத்து நாலு சாக்கு குப்பை சேர்ந்தது. எல்லாரும் சாக்குகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் காலை போய்ப் பார்த்தபோது பாதிச் சாக்குகளை நாய்கள் கிழித்திருந்தன. சிப்ஸ் கவரும் தெர்மாகோல் தூளும் காற்றில் பறந்து மறுபடி அலை ஓரத்துக்கே போய்விட்டன. அவசரமாக ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகைக்குப் பிடித்தேன். மீதியை ஏற்றி முடித்ததும் ஓட்டுநர் அண்ணன் கேட்டார்: "எங்க சார் கொட்டணும்?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆள் சேர்ப்பது சுலபம், வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் போதும். கஷ்டம் எல்லாம் கடிதத்திலும் வண்டியிலும்தான் இருக்கிறது. நான் சொல்வது சென்னைக் கடற்கரை அனுபவம். மற்ற ஊர்க்காரர்கள் அலுவலகப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பாலானது பொருந்தும்.

1. இடத்தை நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் மாநகராட்சியின் மணல் சலிக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன, தூய்மைப் பணியாளர்களும் தினமும் வருகிறார்கள். நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனால் முந்தின நாள் ராத்திரி விழுந்த சுண்டல் காகிதத்தைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். இயந்திரம் போக முடியாத இடத்தைத் தேடுங்கள். மீனவக் குப்பத்தை ஒட்டிய கரை, பாறை கொட்டிய தடுப்புச் சுவர் ஓரம், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட இடங்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்கள். நகரம் முழுக்க ஆற்றில் போட்டது மழைக்கு அப்புறம் எங்கே ஒதுங்குகிறது என்று தெரியும்.

வார நாளில் காலை ஆறு மணிக்குப் போங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

குப்பை வண்டி கரைக்கு எவ்வளவு பக்கத்தில் வர முடியும். மணலில் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பது, தரையில் நடப்பதைவிட ரொம்பக் கஷ்டம்.

அந்தப் பகுதியில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் யார், அவருடைய மேற்பார்வையாளர் யார். நேரில் கேட்டாலே சொல்வார்கள். அந்த மேற்பார்வையாளரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும். பின்னால் இந்த ஒரு எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள். இதைப் பார்க்காமல் விட்டால் பெண்கள் அடுத்த தடவை வர மாட்டார்கள்.

நாற்பது பேருக்கு 300 மீட்டர் போதும். ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு மேலோட்டமாகப் பொறுக்குவதைவிட, 300 மீட்டரை முழுசாக முடிப்பது நல்லது.

2. வண்டியை உறுதி செய்யுங்கள், ஆளுக்குச் சொல்வது அப்புறம்

தேதியை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மாநகராட்சி வண்டி. கட்டணம் இல்லை. ஆனால் அந்த வண்டிக்குத் தினசரித் தடம் ஒன்று இருக்கிறது, உங்களுக்காக அதை மாற்றி அனுப்ப வேண்டும். அதனால் "காலையில் வாங்க" என்று சொன்னால் நடக்காது. "எட்டரை மணிக்கு இந்தத் தெரு முனையில் அறுபது சாக்கு தயாராக இருக்கும்" என்று சொல்லுங்கள். நேரம், இடம், சாக்கு எண்ணிக்கை மூன்றும் சொன்னால்தான் அவர்களால் எந்த வண்டி, எத்தனை நடை என்று முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது வழி, தனியார் குட்டியானை. உள்ளூருக்குள் ஒரு நடைக்கு 1,200 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள், ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்றால் தனி. இதில்தான் நான் விழுந்த குழி இருக்கிறது. தனியார் வண்டி குப்பையை எங்கேயும் கொண்டுபோய்க் கொட்டிவிட முடியாது. மாநகராட்சியின் குப்பை மாற்று நிலையத்திலோ, உலர் குப்பையைப் பிரிக்கும் மையத்திலோதான் இறக்க வேண்டும். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே குட்டியானை பிடித்தாலும் மண்டல அலுவலகக் கடிதம் அவசியம்.

முதல் தடவை செய்பவர்கள் மாநகராட்சி வண்டியைக் கேளுங்கள். குட்டியானைக்காரர் ஒருவரிடம் பேசி, "தேவைப்பட்டால் கூப்பிடுவேன்" என்று சொல்லி வையுங்கள்.

3. கடிதங்கள்: யாருக்கு, எப்போது, என்ன எழுத வேண்டும்

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னால் உள்ளாட்சிக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் நாற்பது பேர்தான் என்றாலும் தெரிவியுங்கள். கடிதம் கொடுத்தால்தான் வண்டி வரும். மூன்று நாள் நடைமுறையில் போதாது. பதினைந்து நாள் முன்னால் கொடுங்கள், பத்து நாளுக்குக் குறையக் கூடாது.

மாநகராட்சி மண்டல அலுவலருக்கு ஒரு கடிதம். சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெசன்ட் நகரும் திருவான்மியூரும் அடையாறு மண்டலத்தில் வருகின்றன. உங்கள் கடற்கரை எந்த மண்டலம், எந்த வார்டு என்று 1913-க்குப் போன் செய்து கேட்டால் சொல்வார்கள். கடிதத்தின் ஒரு நகலை வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் நேரில் கொடுங்கள். மண்டல அலுவலர் கையெழுத்துப் போட்டாலும் வண்டியை அனுப்பப்போவது இவர்தான்.

நான் இப்போது கொடுக்கும் கடிதம் இவ்வளவுதான்:

"பெறுநர்: மண்டல அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி.
பொருள்: கடற்கரைத் தூய்மைப் பணி – வாகன உதவி கோருதல் தொடர்பாக.
வணக்கம். வருகிற (தேதி) சனிக்கிழமை காலை 6.00 மணி முதல் 8.30 மணி வரை, (இடம்) படிக்கட்டு முதல் தெற்கே (இடம்) வரை ஏறத்தாழ 300 மீட்டர் கடற்கரையில் 40 தன்னார்வலர்கள் குப்பை சேகரிக்க உள்ளோம். சேரும் குப்பையை மறுசுழற்சிக்கு உரியவை, கண்ணாடி, டயப்பர்–நாப்கின், மற்றவை என நான்காகப் பிரித்துக் கட்டி, 8.30 மணிக்கு (தெரு) முனையில் வைத்திருப்போம். ஏறத்தாழ 60 சாக்குகள் சேரும். அவற்றை அன்றே எடுத்துச்செல்ல வாகனம் ஒன்று அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒலிபெருக்கி, பந்தல், விளம்பரப் பலகை எதுவும் வைக்க மாட்டோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மைக், பந்தல் என்று வந்தால் காவல் துறை அனுமதி தனியாக வாங்க வேண்டும். அவை இல்லை என்று எழுத்தில் இருந்தால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

இணைக்க வேண்டியவை: ஏற்பாடு செய்பவரின் ஆதார் நகல், இரண்டு பேரின் கைபேசி எண், கையால் வரைந்த இட வரைபடம். வரைபடம் என்றால் கோயில், படிக்கட்டு, தெரு முனை, சாக்கு வைக்கும் இடம் என்று நாலு கட்டம் போட்டால் போதும். வண்டி ஓட்டுநர் கைக்கு அதுதான் போய்ச் சேரும்.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுங்கள். உங்கள் பிரதியில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த நாள் வந்துவிடும், பதில் வராது.

அந்த எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், "தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் போதும். அதிகாலையில் நாற்பது பேர் கரையில் கூடினால் ரோந்துக் காவலர் கேட்பது இயல்பு. முத்திரை போட்ட நகல் கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால் வனத் துறைக்கும் சொல்லுங்கள். காரணத்தை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருகிறார்கள் என்றால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் பெயர்ப் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். மாணவர்களுக்கு வருகைச் சான்றிதழ் வேண்டியிருக்கும், யார் கையெழுத்துப் போடுவது என்று முன்னாலேயே பேசி முடியுங்கள்.

சென்னைக்கு வெளியே நகராட்சி என்றால் ஆணையர், ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவரும் செயலரும். ஊராட்சிகளில் வண்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதனால் இன்னும் முன்னாலேயே கேளுங்கள்.

4. குப்பத்து ஆட்களிடம் பேசாமல் கால் வைக்காதீர்கள்

இதற்கு எந்த விதியும் இல்லை, ஆனாலும் செய்யுங்கள். நமக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது வாசல். வலை காய்வது, படகு ஏற்றுவது, மீன் ஏலம், எல்லாம் அந்த மணலில்தான் நடக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் யார் என்று விசாரித்து, ஒரு வாரம் முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த ஒரு நாளில் ஊர்த் திருவிழா இருந்தது. தலைவரைப் பார்த்ததால்தான் தெரிந்தது, தேதியை மாற்றினோம்.

வலை விஷயம் ரொம்ப முக்கியம். மணலில் பாதி புதைந்து, நைந்து, சிக்குப் பிடித்துக் கிடக்கிற நைலான் வலையைப் பார்த்தால் எல்லாருக்கும் குப்பை என்றுதான் தோன்றும். என்னோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கத்தரிக்கோலை எடுத்துவிட்டான். படகு ஓரமாக உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். கோபப்படவில்லை. அவன் கையிலிருந்த நுனியைத் தன் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த வலைக் கண்களை விரலால் எண்ணிக் காட்டினார். "பார் தம்பி, இந்தப் பக்கம் நாப்பது கண்ணுதான் போயிருக்கு. மேல இருக்கிற மிதப்புக் கயிறு நல்லா இருக்கு. இது குப்பை இல்ல, ரெண்டு நாள் வேலை." அப்புறம் அவரே நடந்துபோய், நிஜமாகவே தூக்கிப்போட வேண்டிய மூன்று வலைக் குவியல்களைக் காட்டினார். அன்று சேர்ந்ததிலேயே கனமான குப்பை அதுதான்.

அன்றிலிருந்து ஒரே வழக்கம்: வலை, கயிறு, மிதவை, தெர்மாகோல் பெட்டி எதையும் ஊர்க்காரர் ஒருவர் காட்டாமல் தொடுவதில்லை. முடிந்தால் அந்த ஊர் ஆள் ஒருவரையோ இருவரையோ உங்கள் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலைத் தொழிலை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள். இதைச் செலவுக் கணக்கில் எழுதத் தயங்க வேண்டாம்.

5. தேதியும் நேரமும்

காலை 6.00 முதல் 8.30 வரை. வெயில் காலத்தில் 5.45-க்கே தொடங்கி 8 மணிக்கு முடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணலில் குனிந்து வேலை செய்தால் யாராவது மயங்கி விழுவார்கள்.

ஞாயிறு என்றால் ஆள் அதிகம் வரும், சனி என்றால் அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இருக்கும். முதல் இரண்டு தடவை சனிக்கிழமை வையுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். அன்று எல்லாக் குழுக்களும் ஒரே கடற்கரைக்கு வந்துவிடும், வண்டியும் கிடைக்காது. அதற்கு இரண்டு வாரம் தள்ளி வையுங்கள்.

காணும் பொங்கல், பெசன்ட் நகர் வேளாங்கண்ணித் திருவிழா (ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை), விநாயகர் சிலைக் கரைப்பு ஆகியவற்றுக்கு மறுநாள் மாநகராட்சியே கூடுதல் ஆட்களை இறக்கும். நாமும் போய் நின்றால் அவர்கள் வேலைக்கு இடைஞ்சல். மூன்று நாள் கழித்து, அவர்கள் வண்டி தொடாத ஓரங்களுக்குப் போங்கள்.

வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, புதியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். ஆறு அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரையும் சாக்கடைச் சேறும் சேர்ந்து கரை முழுக்கக் கிடக்கும். ஈரமான ஆகாயத்தாமரையை ஒரு சாக்கு நிறையப் போட்டால் இரண்டு பேராலும் தூக்க முடியாது. காலில் வெட்டுக்காயத்தோடு அந்தச் சேற்றில் நின்றால் எலிக் காய்ச்சல் வரலாம். மழை விட்டு ஒரு வாரம் காயட்டும்.

ஆமைப் பருவம். பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து சென்னைக் கரையில் முட்டையிட வரும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. வனத் துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. இந்த மாதங்களில் மண்வெட்டி, வாரி இரண்டும் வேண்டாம். மேல்மணலில் கையால் எடுக்க முடிகிறதை மட்டும் எடுங்கள். டிராக்டர் சக்கரம் போன தடம்போல் அலையிலிருந்து மேலே ஏறி இறங்கியிருந்தால் அது ஆமைத் தடம். அதைக் கலைக்காமல், சுற்றி நாலு குச்சி நட்டுவிட்டு வனத் துறைக்குச் சொல்லுங்கள். செத்து ஒதுங்கிய ஆமையையும் தொடாதீர்கள், அவர்கள் வந்து பதிவு செய்ய வேண்டும்.

6. பொருளும் செலவும்

நாற்பது பேருக்கு நான் கடைசியாகச் செய்த செலவு:

கையுறை 45 ஜோடி, ஜோடி 35 ரூபாய்: 1,575
பழைய சாக்கு 60, ஒன்று 12 ரூபாய்: 720
பழைய பெயிண்ட் வாளி 4, ஒன்று 60 ரூபாய்: 240
தொங்கு தராசு: 350
தண்ணீர் கேன் 2: 80
முதலுதவிப் பெட்டிக்கு மருந்து: 400
துணிப் பேனர்: 450
காலைச் சாப்பாடு 40 பேருக்கு, 50 ரூபாய் வீதம்: 2,000
ஜெராக்ஸ், பேருந்து: 150

மொத்தம் 5,965 ரூபாய். குட்டியானை பிடிக்க வேண்டி வந்தால் 1,500 கூடும். கையுறை, வாளி, தராசு, பேனர் நான்கும் மறுபடி பயன்படுவதால் அடுத்த தடவை 3,500-க்குள் முடிந்துவிடும்.

மெல்லிய ரப்பர் கையுறை வாங்காதீர்கள், முதல் கண்ணாடித் துண்டிலேயே கிழிந்துவிடும். கட்டடத் தொழிலாளர்கள் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறை வாங்குங்கள். துவைத்துப் பல முறை போடலாம்.

கறுப்புப் பிளாஸ்டிக் பைகளும் வேண்டாம். பிளாஸ்டிக்கைப் பொறுக்கப் புதுப் பிளாஸ்டிக் எதற்கு என்பது ஒரு காரணம். மணல் கனம் தாங்காமல் அடியில் பிய்ந்துவிடும் என்பது இன்னொன்று. வெங்காய மண்டியில் வலைச் சாக்கு கிடைக்கும், அதில் பாதி வாங்குங்கள். தூக்கி இரண்டு குலுக்கு குலுக்கினால் மணல் எல்லாம் கீழே உதிர்ந்துவிடும், சாக்கின் கனம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி அரிசிச் சாக்கு. கண்ணாடிக்குச் சாக்கே கூடாது, பெயிண்ட் வாளிதான்.

பேனர் துணியில் எழுதுங்கள். பிளெக்ஸ் வேண்டாம். தண்ணீருக்கு அவரவர் பாட்டில், சாப்பாட்டுக்கு வாழை இலையோ தையல் இலையோ. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுத்துக்கொண்டு கடற்கரையைச் சுத்தம் செய்தால் பார்க்கிறவர்கள் சும்மா விட மாட்டார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்.

பணம் வசூலித்தால் பில்லைப் படம் எடுத்து அன்றைக்கே குழுவில் போடுங்கள். நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதி தருகிறோம் என்று வந்தால், அதைப் பெறப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

7. ஆட்கள்

அறுபது பேர் வருகிறேன் என்றால் முப்பத்தைந்து பேர் வருவார்கள். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள்: மூன்று பேர் பொறுக்க, ஒருவர் சாக்கு பிடிக்க, ஒருவர் குறித்துக்கொள்ள. முழுக்கால் சட்டை, அடி தடித்த மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில். இவை நாலையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கண்ணாடி கிடக்கும் பக்கம் விடாதீர்கள்.

8. அன்று காலை

5.30: ஏற்பாட்டாளர்கள் மூன்று பேர் இடத்துக்கு வந்து இரண்டு எல்லையிலும் கொடி நட வேண்டும். வண்டி பற்றி மேற்பார்வையாளருக்கு ஒரு போன்.

6.00: பத்து நிமிஷம் எச்சரிக்கை சொல்லுங்கள். இதைச் சுருக்காதீர்கள்.

யாரும் கடலில் இறங்கக் கூடாது, முழங்கால் வரைகூட. நம் கரையில் இழுவை அதிகம். மிதக்கிற ஒரு பாட்டிலுக்காக யாரும் ஆபத்தில் மாட்ட வேண்டாம்.

ஊசி, மருந்துப் பாட்டில் கண்டால் எடுக்காமல் கை தூக்குங்கள். குழுத் தலைவர் இடுக்கியால் எடுத்து, மூடி போட்ட கெட்டியான டப்பாவில் போடுவார். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கண்ணாடி, ஆணி கிழித்தாலும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள்.

நீல நிறத்தில் பலூன்போலவோ பொத்தான்போலவோ கிடப்பவை ஜெல்லி மீன்போல் கொட்டும் கடல் உயிர்கள். செத்திருந்தாலும் கடுக்கும். கையுறையோடும் தொட வேண்டாம்.

கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும் தார் உருண்டைகளைப் பொறுக்க வேண்டாம். காலில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைக்கலாம். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். அந்த வேலைக்கு முறையான உடையும் பயிற்சியும் வேண்டும். அப்படி ஒன்றைப் பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். கொடிக்குள் சிக்கிய கவரை மட்டும் எடுங்கள். சிப்பி, பாசி, மரக்கட்டை மூன்றும் கடலுடையவை, கிடக்கட்டும்.

6.15 முதல் 7.45 வரை வேலை. ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு மேல் நீட்டினால் பிரிக்க நேரம் இருக்காது. நடுவில் ஏழு மணிக்குத் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள்.

9. பிரித்தல், எடை போடுதல்

எல்லாரும் அவசரமாகத் தாண்டுகிற படி இது. இதைச் செய்யாவிட்டால் நீங்கள் பொறுக்கியது அத்தனையும் கலந்த குப்பையாகப் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போய்ச் சேரும்.

தார்ப்பாயை விரித்துக் கொட்டி நாலாகப் பிரியுங்கள். தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், உலோகம் ஒரு பக்கம். இதைப் பழைய இரும்புக் கடைக்காரரோ மறுசுழற்சி மையமோ எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி இரண்டாவது, கடற்கரையில் குவார்ட்டர் பாட்டில்தான் அதிகம். சிப்ஸ் கவர், மசாலாப் பாக்கெட், தெர்மாகோல், துணி, ஒற்றைச் செருப்பு மூன்றாவது. டயப்பர், நாப்கின் நாலாவது, தனியாகச் சுற்றிக் குறியிட்டு வையுங்கள். பின்னால் கையால் தொடப்போகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர்.

இரும்புக் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசுங்கள். மணலும் உப்பும் ஒட்டிய பாட்டிலைப் பலர் வாங்க மாட்டார்கள். மூடியைத் திறந்து மணலைக் கொட்டி, நசுக்கிக் கொடுத்தால் வாங்குவார்கள். பணத்துக்காக இல்லை, பொருள் மறுபடி கடலுக்குப் போகாமல் இருக்கத்தான்.

ஒவ்வொரு சாக்கையும் குலுக்கி, தராசில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். குறித்துக்கொள்பவர் எந்தப் பொருள் எத்தனை என்றும் எழுதியிருப்பார். இந்தத் தாள் ரொம்பப் பயன்படும். நாங்கள் மூன்று தடவை எழுதியதை வைத்துப் பார்த்தபோது, ஒரு படிக்கட்டுக்கு இருபது மீட்டருக்குள்தான் டீ கப்பும் ஸ்ட்ராவும் குவிகின்றன என்று தெரிந்தது. அந்தத் தாளை இணைத்து, அங்கே குப்பைத்தொட்டி வேண்டும் என்று கடிதம் கொடுத்தோம். ஆறு வாரத்தில் தொட்டி வந்தது.

பருப்பு அளவில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மணலில் கலந்து கிடந்தால் அவை பிளாஸ்டிக் மூலப்பொருள் குருணைகள். 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரிக் கரை வரை அவை வந்து ஒதுங்கின. கையால் பொறுக்கி முடியாது, கட்டடச் சல்லடையும் வாளித் தண்ணீரும் வேண்டும். மணலோடு தண்ணீரில் போட்டால் குருணை மிதக்கும். அவை நிறைய இருந்தால் அதற்கென்று தனி நாள் வையுங்கள்.

10. வண்டி போகும் வரை

8.15-க்குச் சாக்குகள் தெரு முனையில் இருக்க வேண்டும். 8.45-க்கும் வண்டி வரவில்லை என்றால் மேற்பார்வையாளருக்குப் போன், அடுத்து துப்புரவு ஆய்வாளருக்கு, அப்புறம் 1913-இல் புகார் எண் வாங்குங்கள். 9.30 ஆகியும் வராவிட்டால் குட்டியானையைக் கூப்பிடுங்கள். கடித நகலை ஓட்டுநர் கையில் கொடுத்து, உங்கள் ஆள் ஒருவர் முன் இருக்கையில் ஏறிப் போக வேண்டும்.

மற்ற எல்லாரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் இரண்டு பேர் சாக்குகளோடு நிற்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று முந்தின நாளே முடிவு செய்து, அவர்களுக்கு இட்லி எடுத்து வையுங்கள். ஏற்றும்போது சாக்குகளை எண்ணுங்கள், வண்டி எண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வண்டி கேட்கும் கடிதத்தில் அந்தப் படத்தை இணைக்கலாம்.

கையுறைகளை அன்று மதியமே டெட்டால் கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் மூன்றே நாளில் நாற்றமடித்துத் தூக்கிப்போட வேண்டி வரும்.